புரை நீங்கிய பின்

1728 இல் இலண்டன் சத்திரவைத்தியர் வில்லியம் செசல்டன், இளமையிலேயே புரையாற் பார்வையிழந்து 13 வயதிற் சிகிச்சை பெற்ற சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கண் திறந்தது, காட்சி விளங்கவில்லை. காணும் பொருள்கள் யாவும் தன் கண்ணைத் தொடுவதாகவே அவன் எண்ணினான். பூனை எது, நாய் எது என்பதை அடிக்கடி மறந்து, வினவ நாணி, பூனையைப் பிடித்துத் தடவியே அடையாளங் கண்டான்.

காரணமும், மிகத் தாமதமாக, பூனைகளிடமிருந்தே கிடைத்தது. 1963 இல் வீசல், கூபெல் என்போர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடிவைத்தனர். பின்னர் திறந்தபோது கண்ணிற் பெருங்குறை இல்லை. மூளையின் பார்வைக் கலங்களோ பெரும்பாலும் அதன் தூண்டலை ஏற்கவில்லை. ஆகவேதான் ஒரு கண்ணில் மட்டுமுள்ள பிறவிப் புரையை ஏறத்தாழ முதல் ஆறு வாரங்களுக்குள் அகற்ற முயல்கின்றனர். அதன் பின்னரும் வில்லை அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மறைத்து, மற்றக் கண்ணை ஆண்டுக்கணக்கிற் பழக்க வேண்டியுள்ளது.