அங்கணம் முதல் சிங்க் வரை

அகமதாபாத் மணிநகரில் நான் குழாய் சாமான் கடை வைத்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், சமண இலக்கியம் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத வந்தது சாக்கடை பற்றி. முகம் சுளிக்காதீங்க, திருவள்ளுவரே 720ஆம் குறளில் அங்கணத்தை உவமையாக்கியிருக்கிறார்.

அங்கணம் என்பது வீட்டுக் கழிவுநீர் விழும் இடம். தூம்பு, அந்நீர் வெளியேறும் வழி. சுருங்கை, நிலத்தடியில் மறைந்து செல்லும் கால். வஞ்சி மாநகரின் வீடுகளில் குளித்த நீர் சுருங்கை வழியாக அகழியில் சேர்ந்ததை மணிமேகலை சொல்கிறது. இத்தனை பெயர் இருந்தால், அத்தனை பொருளும் புழக்கத்தில் இருந்தது என்றுதானே அர்த்தம்!

சரி, அடைத்துக்கொண்டால் என்ன செய்தார்கள்? அதற்கு விடை சிந்துவெளியில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ள லோதல், 1954இல் எஸ். ஆர். ராவ் கண்டறிந்த ஊர். அங்கே சுட்ட செங்கல் குளியல் மேடைகளையும் அவற்றிலிருந்து ஓடும் வடிகால்களையும் இன்றும் பார்க்கலாம். மொகஞ்சதாரோவில் தெரு வடிகால்களைச் செங்கல்லாலும் கற்பலகையாலும் மூடியிருந்தார்கள். தேவைப்பட்டால் தூக்கி எடுக்கலாம். கசடு தங்கி நிற்க ஆங்காங்கே குழிகளும் வைத்தார்கள். வடிகால் என்றைக்காவது அடைக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்டியவர்கள் அவர்கள்.

பிற்காலத்தில், 1775இல், லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிவறைக் குழாயை வளைத்து, வளைவில் எப்போதும் நீர் நிற்கும்படி செய்து காப்புரிமை பெற்றார். அந்த நீர்தான் நாற்றத்தைத் தடுக்கிறது. நம்ம சிங்க்குக்கு அடியில் இருக்கும் ‘டிராப்’ அதே தத்துவம்தான். நெய்ப்பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் முதலில் தங்குவதும் அங்கேதான்.

அதைக் கழற்றிக் கழுவப் பத்து நிமிஷம் போதும். நாமோ அலமாரி அடித்து மறைத்துவிட்டு, ஆசிட் ஊற்றுகிறோம். பல வருஷம் முன்பு ஒரு வீட்டில் அப்படி ஊற்றியும் அடைப்பு போகவில்லை. வந்த பையனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. டிராப்பைத் திறந்ததும் உள்ளே நின்ற ஆசிட் அவன் கையில் கொட்டிவிட்டது. அந்த பாட்டில் என் கடையில் வாங்கியது. மறுநாளே ஆசிட் விற்பதை நிறுத்தினேன். அவன் கையில் இருந்த தழும்பு மட்டும் மறையவில்லை.

எனவே இதைச் செய்யுங்கள். பாத்திரத்து எண்ணெயைப் பழைய தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். அடைத்தால் முதலில் ரப்பர் பம்பு போட்டுப் பாருங்கள். அப்புறம் அடியில் ஒரு வாளி வைத்து, டிராப்பைக் கையால் திருகிக் கழற்றுங்கள். ஏற்கெனவே ஆசிடோ காஸ்டிக் சோடாவோ ஊற்றியிருந்தால் இரண்டையுமே செய்யாதீர்கள். வருகிற ஆளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொதிக்கும் வடிகஞ்சியைத் தரையில் கொட்டாதே, பூச்சி புழு செத்துப்போகும் என்பார் என் தாயார். ஆறவைத்துத்தான் கொட்டுவார். புழுவுக்கு அவ்வளவு இரங்கியவர்களின் பிள்ளைகள், அடுத்து அந்தக் குழாயைத் தொடப்போகும் மனிதனின் கையை நினைக்க வேண்டாமா?