கிள்ளான் பள்ளத்தாக்கில் கை மருத்துவம்: பெரிய அறுவையும் சிறிய ஊசியும்

2000ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில் பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தைக்கு, பிழைக்க வழியில்லாத அதன் இரட்டைச் சகோதரியின் கையை எடுத்துப் பொருத்தினார்கள். அறுவைக்குத் தலைமை ஏற்றவர் டாக்டர் வி. பத்மநாதன். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அதனால் பொருத்திய கையை உடல் தள்ளிவிடுமோ என்று ஆயுளுக்கும் மருந்து கொடுக்கவேண்டிய தேவை எழவில்லை. அந்த மருத்துவமனை திறந்தது அதற்கு முந்தைய ஆண்டுதான்.

நம் வட்டாரத்தின் கை மருத்துவ வரலாறு என்றால் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லவும் வேண்டும். ஆனால், ஊசிமுனையால் சில நிமிடங்களில் முடிந்துபோகும் ஒரு சிகிச்சைக்கும் அந்த வரலாற்றில் இடம் உண்டு என்பது என் எண்ணம். பத்திரிகைக்குப் போகாத அந்தச் சிகிச்சையால் பிழைப்புக்குத் திரும்பியவர்கள் நம் மக்கள்.

இந்த வரலாற்றின் அடித்தளம் 1960களில் விழுந்தது. அதுவரை மருத்துவம் படிக்க நம் பிள்ளைகள் சிங்கப்பூருக்கோ இந்தியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போனார்கள். மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் மருத்துவப் புலத்தை அமைத்தபோது அதன் முதல் டீனாகப் பொறுப்பேற்றவர் டி. ஜே. தனராஜ். 1968இல் பல்கலைக்கழக மருத்துவமனை முறைப்படி திறப்புவிழா கண்டது.

நான் சொன்ன அந்தச் சிறிய ஊசி, மடக்கிய விரல் சிக்கிக்கொள்ளும் ‘டிரிகர் ஃபிங்கர்’ என்ற உபாதைக்கானது. அது வந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “காலையில எழுந்தா விரல் மடங்குனது மடங்குனபடியே நிக்குது, மற்ற கையால இழுத்தா டக்குனு விடுது.” விரலை மடக்கும் தசைநாண் உள்ளங்கையிலிருந்து விரலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளையம் உண்டு. வளையம் தடித்து, நாணிலும் முடிச்சுப்போல் வீக்கம் கண்டால், போன நாண் திரும்பி வரமுடியாமல் சிக்கிக்கொள்கிறது. பிரெஞ்சு மருத்துவர் நோட்டா 1850இலேயே இதை எழுதிவைத்தார்.

பொதுவாக முதலில் ஓய்வு, பிறகு ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் உள்ளங்கையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, வளையத்தை வெட்டிவிட்டுத் தையல் போடுவார்கள். நல்ல சிகிச்சை, இன்றும் பலருக்கு அதுதான் சரி. தையல் பிரிக்கும்வரை கையை நனைக்கக் கூடாது என்பதுதான் சங்கடம். தோலைக் கீறாமலே வளையத்தை அறுக்கலாம் என்று 1958இல் மருத்துவர் லோர்த்தியோர் காட்டினார். 1992இல் மருத்துவர் ஈஸ்ட்வுட்டும் அவருடைய சகாக்களும், சாதாரண ஊசியே அதற்குப் போதும் என்று எழுதினார்கள்.

செய்யும் விதத்தைப் பார்த்தால் மருத்துவரின் விரல் எவ்வளவு பழகியிருக்கவேண்டும் என்பது புரியும். மரப்பு மருந்து போட்டபின் ஊசியை உள்ளே இறக்கி, நோயாளியை விரலை லேசாக அசைக்கச் சொல்வார். ஊசியும் சேர்ந்து ஆடினால் முனை நாணில் குத்தியிருக்கிறது என்று பொருள். சற்றே பின்வாங்கி, முனையின் சாய்வை நாணின் போக்குக்கு இணையாகத் திருப்பி, வளையத்தின் நார்களை அறுப்பார். அறுக்கும்போது மணலில் உரசுவதுபோல் கைக்கு ஒரு கரகரப்புத் தட்டும். அது நின்றால் வளையம் விட்டது. “இப்ப மடக்கி நீட்டுங்க” என்பார். விரல் சிக்காமல் வந்தால் சிறு பிளாஸ்டரோடு வீட்டுக்குப் போகலாம்.

கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நரம்பு மிக அருகில் ஓடுவதால் அங்கே தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசியைப் பார்த்துக்கொண்டே செய்வது ஒரு வழி, பழையபடி திறந்து செய்வது இன்னொரு வழி.

தையல் இல்லாததால் மிச்சமாகும் ஒன்றிரண்டு வாரங்களின் மதிப்பைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் அறிவார்கள். அங்குள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951 முதல் இயங்குகிறது. பயிற்சி பெற்று உடம்பு பிடித்துவிடும் தொழிலில் இறங்கிய பார்வையற்றவர்களின் கடைகள் இவ்வட்டாரத்தில் வரிசையாக உள்ளன. அவர்களுக்கு விரல்தான் முதல், பிரெயில் வாசிக்கவும் விரல்தான் வேண்டும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மாலை தொடுக்கும் அம்மாமார்களுக்கும் அப்படியே. நாள்கூலிக்காரர் விடுப்பெடுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை.

நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த உபாதை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும், பலனும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவு கிடைப்பதில்லை. ஆகவே சர்க்கரை உள்ளவர் விரல் சிக்கத் தொடங்கியதுமே காட்டிவிடுவது நல்லது. நாள் கடந்தால் நடுமூட்டு நிரந்தரமாக இறுகிவிடக்கூடும், பிறகு வளையத்தை வெட்டினாலும் விரல் முழுதாக நிமிராது.

எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். செலவுக்குப் பயந்து என்றால், குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது விரலையும் மருத்துவரிடம் நீட்டிக் காட்டுங்கள்.