மழை நாள் சம்பளம்

அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு என் மகள் பள்ளிக்கூட வேலைக்காகக் கைப்பேசியை அவர் முன் நீட்டி, "பாட்டி, உங்க வாழ்க்கையில ரொம்ப சந்தோஷமா இருந்த நாள் எது?" என்று கேட்டாள். கல்யாண நாள், நான் பிறந்த நாள், தாமானில் சொந்த வீட்டுக்குச் சாவி வாங்கிய நாள், இப்படி ஏதாவது ஒன்று வரும் என்று நானும் காது கொடுத்திருந்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"மழ நாளுதான்."

"எந்த மழ பாட்டி?"

"எந்த மழையா இருந்தா என்ன? காலையில பேஞ்சா போதும்."

மகளுக்குப் புரியவில்லை. வேறு பதில் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். கித்தாக் காட்டில் பிறந்தவர்களுக்கு அம்மா சொன்னதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது விடியற்காலையில்தான். வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்பட்டுவிடும். அதனால் இருட்டோடு எழ வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டு வழியே மங்குக்கு வராமல் மரம் முழுக்கப் பரவி வழிந்துவிடும். மங்கில் விழுந்ததிலும் தண்ணீர் சேர்ந்துவிடும். ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுக்காயத்தில் பூஞ்சை பிடித்து மரமே கெட்டுப்போகும் என்ற பயமும் உண்டு. ஆகவே மழை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பேர் இல்லை. பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை.

இந்த மரம் நம் நாட்டு மரமே அல்ல. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 22 கன்றுகள் வந்தன. 1888இல் அந்தப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை மறுபடி மறுபடி திறந்து பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். ரப்பர் கொட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சியதால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்றே அழைத்தார்கள். நூறு வயது வரை வாழ்ந்து 1956இல் இறந்தார். அவர் கண்டுபிடித்த அந்த வெட்டைத்தான் அம்மா பதின்மூன்று வயதிலிருந்து வெட்டினார். ரிட்லி என்ற பெயரை அவர் கேட்டதே இல்லை.

எங்கள் தோட்டம் கெடாவில், கூலிம் பக்கம். நாலரை மணிக்கெல்லாம் அம்மா எழுந்துவிடுவார். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை மண்டோர் தட்டினால் பெரட்டுக்கு ஓட வேண்டும். அதற்குள் சோறு, சாயந்தரத்துக்கும் சேர்த்து ஒரு குழம்பு. தூங்கிக்கொண்டிருக்கும் தங்கையைத் தோளில் போட்டுப்போய் ஆயாக் கொட்டகையில் விடுவார். எனக்கு ஏழெட்டு வயது. நான் எழும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மூடி வைத்த கோப்பி ஆறிக் கிடக்கும். நானே பல் துலக்கி, நானே சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். மத்தியானம் அம்மா திரும்பும்போது உடம்பெல்லாம் பால் நாற்றம். ஒட்டுப்பால் உலர்ந்து விரல்களில் கறுப்பாக ஒட்டியிருக்கும். சாப்பிட்டதும் சுருண்டு படுத்துவிடுவார். சுருக்கமாகச் சொன்னால், வெளிச்சத்தில் அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தது மழை நாளில்தான்.

அன்று விடியும்போது தகரக் கூரையில் சத்தம் கேட்கும். முதலில் ஒன்றிரண்டு சொட்டு. அம்மா எழுந்து கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பார். லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை தெரியும். யாரும் பேச மாட்டார்கள். பிறகு சடசடவென்று பிடித்துக்கொள்ளும். தண்டவாளம் அடிக்கவில்லை என்பது உறுதியானதும் அம்மா திரும்ப வந்து, எனக்கும் தங்கைக்கும் நடுவில் படுத்து, போர்வையை மூன்று பேருக்கும் இழுத்துவிடுவார். அவ்வளவுதான். இன்றுவரை அதைவிட மேலான ஒன்று எனக்கு வாய்த்ததாகத் தோன்றவில்லை.

விடிந்தபின் மரவள்ளிக்கிழங்கு வேகும். பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு கிண்ணம் சர்க்கரையோ ஒரு மூடி தேங்காயோ எடுத்துக்கொண்டு வருவார். அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்து அழுத்திச் சீவிவிடுவார். வாழை இலையைத் தலைக்குப் பிடித்தபடி பள்ளிக்கூடம் வரை கூடவே வருவார். வாத்தியார் முன் நிற்கும்போது எனக்குக் கொஞ்சம் திமிராகவே இருக்கும். அம்மாவோடு வந்தவன் நான். இரவில் படுக்கும்போது மாரியம்மனிடம் நாளைக்கும் மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அந்த வேண்டுதலின் விலை அப்போது எனக்குத் தெரியாது.

தோட்ட வரலாறு என்று நான் தேடிப் படித்தவற்றில் ரப்பர் விலை இருக்கிறது, கப்பல் கணக்கு இருக்கிறது, சாவுக் கணக்கு இருக்கிறது. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சம்பளம் நிர்ணயித்த செய்தி இருக்கிறது. விலைவீழ்ச்சி வந்ததும் அதையும் குறைத்தார்கள். ஆனால் அந்த 40 காசுக்காரி எப்போது சிரித்தாள் என்று எழுதியவர்கள் குறைவு.

ஓர் இடத்தில் மட்டும் நான் நின்று மறுபடி படித்தேன். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் தலைமையில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் சீனர்களுக்கு நிகரான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுவது, நல்ல பள்ளிக்கூடம், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது எல்லாம் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மிதித்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். மே மாதம் நாதன் கைதாகிப் பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சைக்கிள் கோரிக்கையைச் சிலர் வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சம்பளக் கோரிக்கைக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. சம்பளம் வாங்கிச் சைக்கிள் வாங்கியவனுக்கு, காற்று முகத்தில் அடிக்க அதை ஓட்டிப் போகும் சுகம் மறுக்கப்பட்டால் பிறகு என்ன மிச்சம்?

மகளின் கேள்விக்குப் பிறகு அம்மாவின் தகரப் பெட்டியைக் கிளறினேன். பிறப்புப் பத்திரங்களோடு ரப்பர் வளையம் போட்ட சம்பளச் சீட்டுகள் கொஞ்சம் இருந்தன. ஒன்று 1974 அக்டோபர். எனக்கு எட்டு வயது. அந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் மாரியம்மன் என் பேச்சைக் கேட்ட மாதம் அது. வாரத்தில் பாதி நாள் காலை மழை. சீட்டில் வேலை செய்த நாட்கள் 15 என்று எழுதியிருந்தது. ஓய்வு நாள் போக அந்த மாதத்தில் 27 வேலை நாள். பன்னிரண்டு நாள் சம்பளம் மழையோடு போயிருக்கிறது. அடுத்த மாதம் தீபாவளி. தோட்டத்து நாள் சம்பளம் ரப்பர் விலையோடு கட்டப்பட்டிருந்தது. அந்த ஆண்டு விலையும் சரிந்தது. எங்களுக்கு வடக்கே, அதே கெடாவில், பாலிங்கில் சிறுதோட்டக்கார மலாய்க்காரர்கள் பசி தாங்காமல் நவம்பர், டிசம்பரில் தெருவுக்கு வந்தார்கள். மரமும் மழையும் அவர்களுக்கும் ஒன்றுதான்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் 16ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை தர வேண்டும், தர முடியாவிட்டாலும் அந்த நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்கிறது. விலக்குகளும் உண்டு. மழை நாளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். என் கையில் இருந்த சீட்டில் 24 இல்லை, 15தான் இருந்தது. அந்தத் தீபாவளிக்கு எனக்கு நீலச் சட்டை, தங்கைக்குப் பூப்போட்ட கவுன். அம்மாவின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்ததும் நினைவுக்கு வருகிறது. காது புண் என்று சொன்னார். ஐம்பது வருடம் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

நாடு முழுவதற்குமான குறைந்தபட்சச் சம்பளம் 2013 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட். அதற்குள் எங்கள் தோட்டத்தில் கித்தா மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் செம்பனை.

சீட்டை எடுத்துக்கொண்டுபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மழ நாளு சந்தோஷம்னு சொன்னீங்களே, சம்பளம் போச்சேன்னு கவலையா இல்லையாம்மா?"

"கவலை இல்லாமயாடா? ராத்திரி பூரா கணக்குதான். தவுக்கே கடை பாக்கி, சீட்டுக்காசு... ஆனா காலையில தகரத்துல சத்தம் கேட்டதும் ஒடம்பு முந்திக்கும். கண்ணு தானா மூடிக்கும். நீங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் சூடா இருப்பீங்க."

"தோட அடகு வெச்சீங்களா?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்களை வாசிக்க அவருக்குத் தெரியும்.

"பதினஞ்சா போட்டிருக்கான்? பதினாறுடா. ஒரு நா மழ விட்டப்புறம் பத்து மணிக்குப் போயி வெட்டுனேன். பால் கம்மின்னு கிராணி பேர் போடல."

சீட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.