அந்நியரிடம் புன்னகைத்தல்

அந்நியரிடம் புன்னகைத்தல் என்பது முன்பின் அறியாத ஒருவரைத் தெருவிலோ, கடையிலோ, பயணத்திலோ எதிர்கொள்ளும்போது முறுவலிக்கும் வழக்கம். சில நாடுகளில் இது எளிய மரியாதையாகக் கருதப்படுகிறது. வேறு சில நாடுகளில் பொருளற்ற செயலாகவும், கேலியாகவும், காதல் சைகையாகவும்கூடக் கொள்ளப்படுகிறது. புன்னகை எல்லா மனிதருக்கும் பொதுவானது. அதை யாருக்கு, எப்போது அளிக்கலாம் என்ற விதி பொதுவானது அல்ல. வெளிநாட்டுப் பயணமும் வணிகமும் பெருகிய காலத்தில் இந்த வேறுபாடு பல தவறான புரிதல்களுக்கு வழிவகுத்தது.

உடலும் விதியும்

பிரெஞ்சு மருத்துவர் குயோம் துஷேன் முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்து 1862-ல் ஒரு நூலை வெளியிட்டார். உதட்டோரங்களை மேலிழுக்கும் கன்னத்தசை மனிதரின் விருப்பத்திற்குக் கட்டுப்படும். கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியில் மட்டுமே இயங்கும் என்று அவர் கருதினார். சார்லஸ் டார்வின் 1872-ல் வெளியிட்ட நூலில் துஷேனின் படங்களைப் பயன்படுத்தினார். முக்கியமான உணர்ச்சி வெளிப்பாடுகள் மனித இனம் முழுவதற்கும் பொதுவானவை என்று அந்நூலில் வாதிட்டார்.

வெளிப்பாடு பொதுவானது என்றால் நாட்டுக்கு நாடு முகங்கள் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி எழுந்தது. 1969-ல் அமெரிக்க உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் 'வெளிப்பாட்டு விதிகள்' என்ற கருத்தை முன்வைத்தனர். எந்த உணர்ச்சியை யார் முன் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறது என்பது இதன் சாரம்.

பாரிஸ், 1787

இவ்விதிகள் ஒரே நாட்டுக்குள்ளும் காலத்தால் மாறியுள்ளன. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் உயர்குடியினர் வாயை மூடியே காட்சியளிக்கின்றனர். பல் தெரியச் சிரிப்பது குடிகாரர், பித்தர், கீழ்நிலையோர் ஆகியோரின் அடையாளமாக வரையப்பட்டது. 1787-ல் ஓவியர் எலிசபெத் விஜே லெ ப்ருன் தன் மகளை அணைத்தபடி, பற்கள் தெரியப் புன்னகைக்கும் தன்னுருவ ஓவியத்தைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது கண்டனம் எழுந்தது. பியேர் ஃபோஷார் 1728-ல் எழுதிய பல் மருத்துவ நூலுக்குப் பின் பாரிஸில் பல் மருத்துவம் வளர்ந்திருந்தது. வெண்பற்களைக் காட்டும் புன்னகை அங்கே மெல்லப் புதிய நாகரிகமாகிக் கொண்டிருந்தது.

யோகோஹாமாவின் சாமுராய்

வெளிநாட்டில் புன்னகையைத் தவறாகப் படிப்பதன் விளைவை விரிவாகப் பதிவு செய்த முன்னோடிகளில் ஒருவர் லாஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத்தில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் இதழாளராக இருந்த அவர் 1890-ல் ஜப்பான் சென்றார். பின்னர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று கொய்சூமி யாகுமோ என்ற பெயரை ஏற்றார். 1894-ல் வெளிவந்த அவரது நூலில் 'ஜப்பானியப் புன்னகை' என்ற கட்டுரை உள்ளது.

யோகோஹாமாவில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் வீட்டில் வேலை செய்த ஜப்பானியத் தாதி, தன் கணவர் இறந்ததையும் ஈமச்சடங்குக்குச் செல்ல விடுப்பு வேண்டும் என்பதையும் முறுவலித்தபடி சொன்னாள். மாலையில் அஸ்திக் கலசத்துடன் திரும்பியவள் அதைக் காட்டிச் சிரிக்கவும் செய்தாள். எசமானிக்கு அது இதயமற்ற செயலாகத் தெரிந்தது. தன் துயரத்தால் பிறர் மனம் வருந்தக்கூடாது என்ற ஜப்பானிய ஒழுக்கமே அந்தப் புன்னகை என்று ஹெர்ன் விளக்கினார்.

அவர் கேட்டுப் பதிவு செய்த மற்றொரு நிகழ்வு துயரமானது. அதே நகரில் ஆங்கில வணிகர் ஒருவரிடம் முதிய சாமுராய் ஒருவர் பணிபுரிந்தார். தன் வாளை ஈடாக வைத்து அந்த வணிகரிடம் கடன் வாங்கியிருந்தார். ஒருநாள் வணிகர் கோபத்தில் அவரைத் திட்டினார். முதியவர் வணங்கிப் புன்னகைத்தார். அதை ஏளனம் என்று எண்ணிய வணிகர் மேலும் சினந்தார். முதியவர் மேலும் புன்னகைத்தார். வணிகர் அவரை அடித்துவிட்டார். கணப்பொழுதில் வாளை உருவிய சாமுராய், வெட்டாமல் அதை உறையிலிட்டு வெளியேறினார். தனக்கு உதவிய மனிதர்மீது, அவரிடம் ஈடுவைத்த வாளையே பயன்படுத்த அவரது அறம் இடம் தரவில்லை. பழிதீர்க்க இயலாத அவமானத்துடன் வாழவும் இடம் தரவில்லை. அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பணிவின் அடையாளமாக அளிக்கப்பட்ட புன்னகை ஆணவமாகப் படிக்கப்பட்டதே இந்த முடிவின் தொடக்கம்.

மறுபுறத்தையும் ஹெர்ன் பதிவு செய்தார். வெளிநாட்டவர் ஏன் புன்னகைப்பதே இல்லை என்று ஜப்பானிய நண்பர் ஒருவர் அவரிடம் வியந்து கேட்டார். மேற்கத்தியரின் இயல்பான முகம் ஜப்பானியருக்குக் கோபமுகமாகத் தெரிந்தது.

மாஸ்கோ, 1990

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கா புன்னகையைத் தொழிலின் பகுதியாக்கியது. விமானப் பணிப்பெண்களின் பயிற்சியை ஆராய்ந்த சமூகவியலாளர் அர்லி ஹோக்சில்ட் 1983-ல் எழுதிய நூலில், ஊதியத்திற்காக உணர்வை நிர்வகிப்பதை 'உணர்வுசார் உழைப்பு' என்று அழைத்தார்.

1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபோது அந்த வழக்கம் சோவியத் ஒன்றியத்தை அடைந்தது. சுமார் 600 பணியிடங்களுக்கு 25,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதல் நாளில் ஏறத்தாழ 30,000 பேர் வந்தனர். பணியாளர்களுக்கு உணவு தயாரிப்புடன், வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துப் புன்னகைக்கவும் கற்பிக்கப்பட்டது. முன்பின் அறியாதவர் முறுவலிப்பது பலருக்குப் புதிய அனுபவம்.

ரஷ்யர்கள் கடுமையானவர்கள் என்று பயணிகள் இதை எளிதில் விளக்கிவிடுவது உண்டு. ரஷ்ய மொழியியலாளர் இயோசிஃப் ஸ்டெர்னின் வேறு விளக்கம் தந்தார். ரஷ்ய வழக்கில் புன்னகை மரியாதைக் குறி அல்ல. அது ஒருவர்மீது கொண்ட உண்மையான அன்பின் அடையாளம். ஆகவே அது அறிந்தவருக்கே உரியது. அதற்கு ஒரு காரணமும் வேண்டும். காரணமற்ற சிரிப்பு முட்டாளின் அடையாளம் என்ற பொருளில் ரஷ்யப் பழமொழி ஒன்று உண்டு. கடமைக்காக அணியப்படும் புன்னகையை ரஷ்யர்கள் 'பணிநேரப் புன்னகை' என்று இகழ்வாகக் குறிப்பிடுகின்றனர். 2018 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியின்போது, வெளிநாட்டு விருந்தினருக்காக ரயில்வே ஊழியர்களுக்குப் புன்னகைப் பயிற்சி அளிக்கப்பட்டது.

ஜெர்மனியில் வால்மார்ட்

அமெரிக்க வணிக நிறுவனமான வால்மார்ட் 1997-ன் இறுதியில் ஜெர்மனியில் நுழைந்தது. வாசலில் வரவேற்பாளரை நிறுத்துவது, காசாளர் புன்னகைப்பது ஆகிய தன் வழக்கங்களையும் கொண்டுசென்றது. வாடிக்கையாளர் பலர் சங்கடப்பட்டனர். காசாளரின் புன்னகையை ஆண்கள் சிலர் காதல் சைகையாக எடுத்துக்கொண்டனர். 2006-ல் நிறுவனம் தன் கடைகளை விற்று வெளியேறியது. விலைப்போட்டி, தொழிலாளர் சட்டங்கள், உள்ளூர்ச் சந்தையை அறியாமை ஆகியவையே முதன்மைக் காரணங்கள். புன்னகை அந்த அறியாமையின் வெளிப்படையான அடையாளமாக நினைவில் நின்றது.

அண்மைக்கால ஆய்வுகள்

2015-ல் மக்டலேனா ரிச்லோவ்ஸ்காவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இவ்வேறுபாட்டைக் குடியேற்ற வரலாற்றுடன் இணைத்தது. 1500-க்குப் பின் பல நாட்டு மக்கள் வந்து கலந்த அமெரிக்கா போன்ற நாடுகளில் பொது மொழியோ பொது வழக்கமோ இல்லை. எனவே நட்பை முகத்தில் வெளிப்படையாகக் காட்டும் தேவை அங்கு எழுந்தது. நெடுங்காலம் ஒரே மக்கள் வாழ்ந்த நாடுகளில் குறிப்பாலேயே உணர்த்த முடிந்தது.

2016-ல் போலந்து உளவியலாளர் குபா க்ரிஸ் தலைமையில் 44 பண்பாடுகளில் நடந்த ஆய்வு, பயணிக்கு நேரடியாகப் பொருந்துவது. ஒரே மனிதரின் புன்னகைக்கும் படமும் புன்னகைக்காத படமும் காட்டப்பட்டன. சில சமூகங்களில் புன்னகைத்தவர் அறிவு குறைந்தவராக மதிப்பிடப்பட்டார். ஊழல் மிகுந்த சமூகங்களில் புன்னகைப்பவர்மீதான நம்பிக்கை குறைந்திருந்தது.

மதிப்பீடு

புன்னகைக்காதவர் அன்பற்றவர், புன்னகைப்பவர் போலியானவர் என்ற இரு முடிவுகளும் ஒரே பிழையிலிருந்து பிறப்பவை. ஒருவர் தன் ஊரின் விதியைக் கொண்டு பிறரின் உள்ளத்தை அளப்பதே அப்பிழை. சுற்றுலாப் பயணிக்கு அதனால் நேரும் இழப்பு பெரும்பாலும் சிறிது. பிற நாட்டில் வேலை தேடுபவருக்கும், குடியேற்ற அதிகாரியின் முன் நிற்பவருக்கும், பிறரிடம் ஊழியம் செய்பவருக்கும் அது வாழ்வைத் தீர்மானிக்கலாம். யோகோஹாமாவின் முதியவர் தன் எசமானின் கோபத்திற்குத் தான் அறிந்த மிகச் சிறந்த மரியாதையையே பதிலாக அளித்தார். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை.