குறுக்கு, டப்பாப் பால், ஆறாம் மாசம்

போன சனிக்கிழமை எங்கள் கட்டிடத்திலேயே ஏழாவது மாடியில் குடியிருக்கும் ஒரு இளம் தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள், டொரன்டோ வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கைக்குழந்தைக்கு நாலு மாதம் முடியப் போகிறது. தாய்ப்பால் போதாமல் முதல் வாரத்திலிருந்தே ஃபார்முலாதான். ஊரிலிருந்து பையனின் அம்மா தினமும் வீடியோவில் வந்து, "டப்பாப் பாலுல என்னத்த இருக்கு? பிள்ளை ராத்திரி உறங்கணும்னா புட்டியில ரெண்டு ஸ்பூன் மாவு கலக்கிக் குடு" என்கிறாராம். இங்குள்ள நர்ஸோ ஆறு மாதம் வரை பொறுக்கச் சொல்கிறார்.

"அண்ணே, யாரு சொல்லதக் கேக்க?" என்றான் பையன்.

நானோ பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். ஃபிக்சட் டெபாசிட் என்றைக்கு முதிரும் என்று கேட்டால் சொல்வேன், பிள்ளைக்குக் கஞ்சி என்றைக்கு என்று கேட்டால்? ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தப் பாத்தியதை உண்டு. நானும் டப்பாப் பால் பிள்ளைதான்.

எழுபதுகளின் கடைசியில், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பிறந்தேன். பிறந்த இரண்டாவது வாரம் அம்மாவுக்கு டைபாய்டு. பால் வற்றிவிட்டது. அப்பா நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறிப் போய் டப்பா வாங்கி வருவார். இதில் என் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்யும். இரண்டு மூன்று மாதப் பிள்ளைக்குச் சரியான அளவில் கலக்கினால் அரைக்கிலோ டப்பா நாலைந்து நாளுக்கு மேல் வராது. எங்கள் வீட்டில் அது பத்து நாள் வந்திருக்கிறது! அதாவது நான் குடித்தது பாதிக்குப் பாதி தண்ணீர். விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் அம்மச்சி (அப்பாவின் அம்மா) மூன்று மாதம் முடிந்த கையோடு குறுக்கு காய்ச்ச ஆரம்பித்துவிட்டார். அது வைத்தியமல்ல, வரவு செலவுக் கணக்கு.

குறுக்கு என்றால் தெரியாதவர்களுக்கு: குன்னன் காயைத் தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெயிலில் காய வைத்து, இடித்து, துணியில் சலித்து எடுத்த மாவு. அதைத் தண்ணீரில் கரைத்து, பனங்கற்கண்டு போட்டு, அடுப்பில் குறுகக் குறுகக் கிண்ட வேண்டும். கூவரகை ஊற வைத்து அரைத்து, துணியில் பிழிந்த பாலிலும் செய்வார்கள். ஏத்தங்காயிலும் உண்டு. வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் கூவைக்கிழங்கு மாவு. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே சங்கதிதான்.

எல்லை என்று சொன்னேனே, அது 1956 நவம்பர் 1-ஆம் தேதி விழுந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாகாணத்துக்குப் போயின. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும்தான் கேட்டது, கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசாத வீடு அன்றைக்கு எங்கள் பக்கத்தில் கிடையாது. எல்லை விழுந்தபின் நெல் விளையும் நாஞ்சில் நாடு ஒரு மாநிலம், நாங்கள் வேறு மாநிலம். அம்மச்சி பிறந்த வீடு அந்தப் பக்கம், வாக்கப்பட்ட வீடு இந்தப் பக்கம். மகப்பேறுக்குத் தெற்கே போனால் 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய நெய்யூர் ஆஸ்பத்திரி, வடக்கே போனால் 1951-இல் வந்த திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ்.

ஆனால் பிள்ளைக்கு முதல் சோறு எப்போது என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரே பதில்தான். ஆறாம் மாசம். மலையாளத்தில் சோறூண், நாங்கள் சோறு கொடுப்பு என்போம். கேரள வைத்தியர்கள் தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடும் அஷ்டாங்க ஹிருதயமும் ஆறாம் மாசம் என்றுதான் சொல்கிறது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942-இல் பர்மா விழுந்து அரிசி வராமல் போய், திருவிதாங்கூர் முழுக்க மரச்சீனியைத் தின்று உயிர் பிழைத்த நாட்களில்கூட, பிள்ளைக்குச் சோறு கொடுக்கவென்று ஒரு நாழி அரிசியைப் பானையில் ஒளித்து வைத்திருந்ததாக அம்மச்சி சொல்வார்.

அப்படிப்பட்ட அம்மச்சிதான் எனக்கு மூன்றாம் மாசத்தில் குறுக்கு கொடுத்தார். வழக்கம் தெரியாமலா? டப்பா தீர்ந்துபோனதால். எனக்கு அடுத்து பிறந்த தங்கச்சி தாய்ப்பால் குடித்தாள். அவளுக்கு ஆறாம் மாசம் முடியும்வரை ஒரு சொட்டுக் கஞ்சி தரவில்லை. எனக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கதையும், அவள் கொழுகொழுவென்று இருந்த கதையும் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடும். (அவளே ஆரம்பித்து வைப்பாள் :-))

சரி, இந்த டப்பா எங்கிருந்து வந்தது? 1860-களில் ஜெர்மன் ரசாயன அறிஞர் லீபிக் பிள்ளைப் பாலுக்கு ஒரு ஃபார்முலா போட்டார். 1867-இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே பாலும் கோதுமையும் சேர்ந்த மாவு விற்க ஆரம்பித்தார். கவனியுங்கள், அதிலேயே தானியம் இருந்தது.

அடுத்த அத்தியாயம் நான் தினமும் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. டொரன்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் டிஸ்டல், டிரேக், ஆலன் பிரவுன் என்ற மூன்று டாக்டர்கள் சேர்ந்து 1930-களின் தொடக்கத்தில் பாப்லம் என்ற தயார்நிலைக் கஞ்சிமாவை உருவாக்கினார்கள். கோதுமை, ஓட்ஸ், சோளம், எலும்புத்தூள், ஈஸ்ட், இரும்புச்சத்து எல்லாம் சேர்ந்தது. வேக வைக்க வேண்டாம், கலக்கினால் போதும். விற்பனையில் வந்த ராயல்டி மருத்துவமனை ஆராய்ச்சிக்கே போனது. நல்ல காரியம்தான். ஆனால் கலக்கினால் போதும் என்று ஆனதும், 'எப்போது' என்ற கேள்வி லேசாகிப் போனது. போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஒரு வயதுக்குள் திடஉணவே அதிகம் தராத அமெரிக்காவில், 1950-களில் சாக்கெட் என்ற மயாமி டாக்டர் பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே சீரியல் கொடுக்கலாம் என்று எழுதினார். மூன்றாம் நாள்! 1958-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தலையிட்டு, இரண்டரை மூன்று மாதத்துக்கு முன்னால் கொடுப்பதில் ஒரு லாபமும் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது.

அங்கே அவசரம் வசதியால் வந்தது. எங்கள் ஊரில் வறுமையால். இரண்டு இடத்திலும் கஞ்சி சீக்கிரமாக வந்தது டப்பாப் பால் பிள்ளைகளுக்குத்தான்.

சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மா, டின் பாலைக் குழந்தைக்கு நல்லதென்று சொல்லி விற்பது கொலைக்குச் சமம் என்றே பேசியிருக்கிறார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வியாபாரிகள்! அதன் பிறகும் 42 வருடம் ஆயிற்று, 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பால்மாவு விளம்பரத்துக்கு விதிமுறை கொண்டுவர. இந்தியாவில் 1992-இல் சட்டம் வந்தது. அதில் பிள்ளை உணவு என்பதற்கு 'நாலு மாதத்துக்கு மேல்' என்று இலக்கணம். 2003 திருத்தத்தில் அதை 'ஆறு மாதத்துக்கு மேல்' என்று மாற்றினார்கள். முதிர்வுத் தேதியையே தள்ளி வைத்த மாதிரி! நடுவில் 2001-இல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் என்று தீர்மானம் போட்டிருந்தது.

1999-இல் என் சித்தி மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது டவுன் டாக்டர் நாலாம் மாசம் ஆரம்பிக்கலாம் என்றார். அன்றைய மருத்துவப் புத்தகம் அப்படி. அம்மச்சி, "ஆறு ஆவட்டும் மக்ளே" என்றார். அன்றைக்கு நானே அம்மச்சியைப் பழைய பஞ்சாங்கம் என்று கிண்டல் செய்தவன்.

இப்போது எல்லையின் இரண்டு பக்கமும் அரசாங்கமே மாவு தருகிறது. கேரளப் பக்கம் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அம்ருதம் பொடி, 2006-இல் ஆரம்பித்தது. தமிழ்நாட்டுப் பக்கம் அங்கன்வாடி சத்துமாவு. இரண்டுமே ஆறு மாதத்திலிருந்துதான்.

ஏழாவது மாடிப் பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை, தூங்கியிருப்பான். சொன்னது இவ்வளவுதான். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு, பிள்ளை பிறக்கும்போது கொண்டுவரும் இருப்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும், அதனால்தான் அந்தச் சமயத்தில் கஞ்சி அவசியமாகிறது. இன்றைய ஃபார்முலாவில் இரும்பு சேர்த்தே வருகிறது. ஆகவே உன் பிள்ளைக்கு அவசரம் இன்னும் குறைவு. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஒரு ஸ்பூன் கூட்டாதே, குறைக்காதே. புட்டியில் மாவு கலக்கவே கலக்காதே. அதனால் தூக்கம் வராது, புரையேறத்தான் வாய்ப்பு. ஆறு மாத வாக்கில் தலை நின்று, பிடித்தால் உட்கார்ந்து, நீ சாப்பிடுவதை எட்டிப் பார்க்கும்போது ஸ்பூனில் கொடு. எதற்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

பையன் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு என்னிடம் தந்துவிட்டான். நான் ஊர்க்காரன் என்றதும் அந்த அம்மா குஷியாகிவிட்டார். கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கேட்டேன், "அக்கா, இவனுக்கு நீங்க எப்போ சோறு குடுத்திய?"

"ஆறாம் மாசமாக்கும். பாலு குடிச்ச பிள்ளையில்லா அவன்." கொஞ்சம் நிறுத்தினார். "இது டப்பாப் பாலு. அதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் எனக்குத் தெரியும். டப்பா இங்கே தீர்ந்துபோகாது அக்கா, அளவு குறையாமல்தான் கலக்குகிறார்கள் என்றேன். பிள்ளையின் எடைக் கார்டைப் பையன் கேமராவில் காட்டினான். அதன்பிறகுதான், "அப்போ குன்னன் காய் இப்பமே காயப் போட்டாத்தான் ஆறாம் மாசத்துக்கு பார்சல் வந்து சேரும்" என்றார்.