திண்ணைப் பள்ளியின் நவராத்திரி வசூல்

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா பெற்றோர் வீட்டு வாசலிலேயே நடந்தது. நவராத்திரி வந்தால் வாத்தியார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கிளம்புவார். பிள்ளைகள் கோலாட்டம் அடித்துப் பாடுவார்கள். வீட்டுக்காரர்கள் தரும் பணம் வாத்தியாருக்கு. தன் மகனே வாசலில் நின்று பாடும்போது எந்தத் தகப்பனுக்குக் கையை இறுக்க மனம் வரும்? கெட்டிக்கார ஏற்பாடுதான்.

வாத்தியாருக்கு அந்தப் பணம் தேவையாகவும் இருந்தது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். பெரும்பாலும் பெற்றோர் காசில் நடந்தவை. வாத்தியாரின் மாத வருமானம் பொதுவாக 6, 7 ரூபாய்க்கு மேல் போவதில்லை என்று 1826இல் மன்றோவே எழுதினார்.

பணம் மட்டுமல்ல, அமாவாசை, பௌர்ணமி விடுமுறைகளையொட்டிப் பிள்ளைகள் வாத்தியாருக்கு வீட்டிலிருந்து அரிசியும் கொண்டுவருவார்கள். அதற்கு ‘வாவரிசி’ என்று பெயர்.