கோல்ஃப் திடலாகாமல் தப்பிய சதுப்பு

மலேசியாவில், மலாக்கா நீரிணை ஓரத்தில், கோல்ஃப் திடலாக்க நினைத்திருந்த சதுப்பு நிலம் 1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவானது. 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகம் கேட்டது, மாநில அரசு இணங்கியது. இதை மனிதக் கைபடாத காடு என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சி உண்மையை மறைக்கிறது. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே எழுப்பிய மண்கரை அலையைத் தடுத்தது. உள்ளே அலையாத்தி மரங்கள் குறைந்து தரைக்காடு வளர்ந்தது. உவர்நீர் ஏரியோ பறவைகளுக்காகவே வெட்டப்பட்டது. கெடுத்ததும் மனிதக் கை, ஈடுசெய்ய முயன்றதும் மனிதக் கை.

அப்படியானால் இது செயற்கைதானே, இதற்கு ஏன் காவல் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பிறப்பைப் பார்த்து மதிப்பிட்டால் உலகில் அதிகப் பூங்காக்கள் மிஞ்சாது. சிட்னிக்குத் தெற்கே 1879இல் அறிவிக்கப்பட்ட ராயல் தேசியப் பூங்காவில் இன்று கூடாரமடிப்போர் வாலபியையும் லயர் பறவையையும் தேடிப் போகிறார்கள். அதுவோ நகரத்தார் விடுமுறையில் காற்று வாங்கத் தொடங்கப்பட்ட இடம். அங்கே கொண்டுவந்து விட்ட ருசா மான்கள் இன்றும் உள்ளூர்ச் செடிகளை மேய்ந்து அழிக்கின்றன. உல்லாசத்துக்காகப் பிறந்த நிலத்தில் காட்டுயிரின் அருமை பிறகுதான் புரிந்தது. தொடக்கம் பிசகியதால் அந்தப் பூங்காவை யாரும் கைவிடவில்லை.

சிட்னிக் கடற்கரைக்கும் சிலாங்கூர்ச் சேற்றுக்கும் உறவு உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சைபீரியாவில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பி ஆஸ்திரேலியா வரை பறக்கும் கரைப்பறவைகளுக்கு இந்தச் சேற்றுவெளி வழித்தங்கல். பறவைக்குச் சேறு போதாதா, வெட்டிய ஏரி எதற்கு என்ற அடுத்த ஆட்சேபமும் நிற்காது. வற்றம் வந்தால் கரைக்கு வெளியே சேற்றில் புழுவும் நண்டும் கிடைக்கும். ஏற்றம் வந்தால் அந்தச் சேறு முழுவதும் நீருக்கடியில். அந்த நேரத்துக்குக் கால் ஊன்ற ஆழமற்ற நீர் வேண்டும். அதற்குத்தான் மண்கரைக்கு உள்ளே அந்த ஏரி.